மேல் வரம்பு பத்தொன்பது

மார்ச் 3, செவ்வாய்

இன்று லேபில் புதிய கிட் பிரித்தோம். கார்டிசால் பரிசோதனைக்கானது. புதுப் பெட்டி வந்தால் நோயாளிகளின் ரத்தத்தை அதில் போடுவதற்கு முன் ஊழியர்களில் ஐந்து பேருடைய ரத்தத்தைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பரிமாறுவதற்கு முன் சமைத்தவரே வாயில் போட்டுப் பார்ப்பது மாதிரி. இந்த முறை ஐவரில் நானும் ஒருத்தி.

ரத்தம் எடுத்தது ஊசி அக்கா. வயதில் பெரியவர் என்றாலும் நான் லேப் பொறுப்பாளர் என்பதால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். படிவத்தில் உள்ள கேள்வியை என்னிடமும் கேட்டார்: "மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா?" இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

மற்ற நால்வருக்கும் ஒன்பதிலிருந்து பதினான்கு. எனக்கு 20.6. காலை நேரத்து மேல் வரம்பு பத்தொன்பது.

"மன அழுத்தத்துல கூடுறதுதானே மேடம் இது? நீங்க சத்தமாப் பேசிக்கூட நான் கேட்டதில்லையே!" என்றார் அக்கா.

"மெஷின் முகத்தைப் பாத்துச் சொல்றதில்லக்கா" என்றேன்.

அதிகாலையில் அப்பா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. தூக்கி, துடைத்து, உடை மாற்றி, பகல் நர்ஸ் வரும்வரை காத்திருந்து, பிறகு பஸ்ஸுக்கு ஓடினேன். அதனால் இருக்கலாம். பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று யோசித்தேன்.

அப்பா முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எங்கள் வீட்டில் எதையும் வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர். முதல் மார்க் என்றால் மார்க் ஷீட். பத்து வயதில் அவரோடு ரயிலில் போனபோது என் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன். "எங்கிட்ட இருந்துச்சுப்பா" என்று அழுதேன். அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டார். அவரும் இறங்கி, வீடு வரை என்னோடு நடந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி வளர்ந்தவள் லேபில் வேலைக்குச் சேராமல் வேறு எங்கே சேருவாள்.

பக்கவாதம் வந்த பிறகு இரண்டு வருடமாக என்னோடுதான் இருக்கிறார். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்பதால் எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்பது குடும்பத்தின் கணக்கு.

போன மாதம் அண்ணனுக்குப் போன் செய்து "எனக்கு முடியலண்ணா" என்றேன். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறான். "யாருக்குத்தான் முடியுது பாப்பா? டாக்டர்கிட்ட காமிச்சியா? என்ன சொன்னாங்க?" என்றான். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது 20.6 இருக்கிறது. ஆனால் 1.6 அதிகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்பவர் சிரிப்பார்.

மார்ச் 7, சனி

தெருமுனை மருந்துக் கடைக்காரர் கார்டிசாலைப் பற்றி என்னைவிட நம்பிக்கையாகப் பேசுகிறார். மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தார். அஸ்வகந்தா, மக்னீசியம், மூன்றாவதாக மஞ்சளாகத் தடித்த ஒரு மாத்திரை.

"இது ஸ்ட்ரெஸ், முடி, நகம், தோல் எல்லாத்துக்கும் சேத்து. காலைல சாப்பிட்டதும் ஒண்ணு போடுங்க. மூணு மாசத்துல வேற ஆளாயிடுவீங்க."

"யாரா ஆவேன்?"

சிரித்தார். என் தலை வகிட்டைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது பாட்டிலை எடுத்தார் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அஸ்வகந்தாவில் குதிரை வாசம். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

மார்ச் 13, வெள்ளி

மக்னீசியம் வேலை செய்கிறது. மனதில் இல்லை, வயிற்றில். இன்று மூன்று முறை லேபைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியிருந்தது. பாதி மாத்திரையாகக் குறைத்தேன்.

மஞ்சள் மாத்திரை நல்ல பிள்ளை. வாசமும் இல்லை, வம்பும் இல்லை.

மார்ச் 25, புதன்

கிட்டில் மிச்சம் இருந்தது. காலை எட்டு மணிக்கு அக்காவிடம் கையை நீட்டினேன். "மாத்திரை ஏதாவது?" என்று வாய்ப்பாடு மாதிரி கேட்டார். "இல்லக்கா" என்று நானும் வாய்ப்பாடு மாதிரி சொன்னேன்.

29.4.

இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன். 29.1. அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளும் சரியாக வருகிறது. மெஷின் மேல் பழி போட வழியில்லை.

மாத்திரைகளைத் தொடங்கிப் பதினேழு நாளில் இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. அளவு போதவில்லை போலிருக்கிறது. நாளையிலிருந்து மஞ்சள் இரண்டு, அஸ்வகந்தா இரண்டு. மக்னீசியத்தை மட்டும் கூட்டப் போவதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அப்பா இரவில் மூன்று தடவை கூப்பிடுகிறார். நான்காவது தடவை கூப்பிடுவாரோ என்று நானாகவே விழித்துக்கொள்கிறேன். இதற்கான மாத்திரை எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பகல் நர்ஸ் இன்று வரவில்லை. விடுப்பு எடுத்தேன். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டபோது கன்னத்தில் லேசாகக் கீறிவிட்டது. அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்கலையா?" என்று கேட்டார். "தூங்கினேன்ப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டியதில் நம்பிய அறிகுறி இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

41.8.

எங்கள் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடும் பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது உங்களுதா? சும்மா ஸ்ட்ரெஸ்ஸுன்னு விட முடியாதும்மா. கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பியில கட்டி கிட்டி இருக்கான்னு பாத்துடணும். ஒரு ஸ்கேன் எடுத்துருங்க." மே 11-க்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது. இரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"என்ன பாப்பா இது? ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு! ஏன் முன்னாடியே சொல்லல?"

சொன்னேனே!

அப்படிச் சொல்லவில்லை. "இப்பதான் ரிப்போர்ட் வந்துச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிப் போகிறேன் என்றான். பக்கத்தில் அண்ணி ஏதோ சொன்னது கேட்டது. "இருடி, தங்கச்சி உடம்புக்கு முடியலங்குறேன்" என்று அவர் வாயை அடைத்தான்.

பயமாக இருக்கிறதா? இருக்கிறது. கட்டி என்ற சொல்லைத் தினமும் எழுதுகிறவள்தான் நான், என் பெயருக்குக் கீழே எழுதியதில்லை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. சந்தோஷம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் வாடகைக் காரில் வந்தான். நான் மடித்து வைத்த துணிகளை மறுபடி பிரித்து மடித்தான். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நோயாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். நேற்று வரை இதே முகம்தான்.

அப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். "உனக்கு... என்னம்மா?" என்றார்.

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பெயர், வயது, தேதி, எண், கையெழுத்து. முப்பத்தோரு வருடப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. "சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அவர்கள் போன பிறகு அவர் கட்டிலில் விரிப்பை மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

எட்டு நாளாக விடியும்வரை விழிக்காமல் தூங்குகிறேன். காலையில் அலாரம் அடித்தபோது யார் வீட்டிலோ அடிக்கிறது என்று நினைத்தேன்.

மஞ்சளும் அஸ்வகந்தாவும் தீர்ந்து, மறுபடி வாங்கிவிட்டேன். கடைக்காரர் "முகத்துல தெளிவு தெரியுது பாத்தீங்களா?" என்றார். பெருமை முழுவதையும் மாத்திரைக்கே கொடுத்துவிட்டார்.

மே 6, புதன்

காலையில் ஒரு டாக்டர் போனில் கத்தினார். அவருடைய நோயாளி, நீச்சல் கற்றுக்கொடுக்கும் பெண். எங்கள் ரிப்போர்ட்படி அவருக்குத் தைராய்டு தாறுமாறாக எகிறி இருக்கிறது. "நாடித் துடிப்பு ஐம்பத்தெட்டு, கை நடுக்கம் இல்ல, எடை குறையல. உங்க மெஷினுக்குத்தான் ஏதோ வந்திருக்கு" என்றார்.

அந்தப் பெண்ணை வரச் சொன்னேன். ஈரத் தலையோடு வந்தார். படிவத்தில் மருந்துகள் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது.

"எந்த மாத்திரையுமே எடுக்கலையா?"

"மாத்திரைன்னு ஒண்ணும் இல்ல மேடம். குளத்துத் தண்ணியில முடி கொட்டுதுன்னு ஒரு வைட்டமின் போடுறேன். அது சத்து மாத்திரைதானே?"

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பயோட்டின், பத்தாயிரம் மைக்ரோகிராம். அந்த வைட்டமின் ரத்தத்தில் நிறைய இருந்தால் எங்கள் மெஷின் வகை ஏமாந்துவிடும். சில எண்களை இல்லாத உயரத்துக்கு ஏற்றிக் காட்டும், சிலவற்றை இறக்கிக் காட்டும். கிட் கம்பெனி அனுப்பிய எச்சரிக்கைத் தாளை மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டியதே நான்தான்.

சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டபோது மாத்திரையைப் பார்த்தேன். மஞ்சள். தடிப்பு.

மே 6, மறுபடி

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், நான்காவது வரி. பயோட்டின், பத்தாயிரம். நான் தினம் இரண்டு போட்டிருக்கிறேன். அதுவும் ரத்தம் கொடுக்கும் நாளில் காலை ஆறரைக்குப் போட்டுவிட்டு எட்டு மணிக்குக் கையை நீட்டியிருக்கிறேன்.

எண் ஏறியது, மாத்திரையைக் கூட்டினேன். மாத்திரையைக் கூட்டினேன், எண் ஏறியது. இருபத்திரண்டு வருஷம் லேப்ல குப்பை கொட்டி என்ன புண்ணியம்? ஊருக்கெல்லாம் கேக்கத் தெரியுது, மாத்திரை எடுக்குறியா மாத்திரை எடுக்குறியான்னு. தனக்கு மட்டும் கேக்கத் தெரியல. முன்பக்கம் படிச்சவ பின்பக்கம் படிக்க மாட்டியா?

இல்லை — படிக்க வேண்டாம் என்று இருந்தேனோ? 41.8 எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்.

மே 15, வெள்ளி

ஒன்பது நாள் எதுவும் போடவில்லை. ஸ்கேனைத் தள்ளி வைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு அக்கா கேட்டார். "மாத்திரை, சத்து மாத்திரை, முடி மாத்திரை, எதுவும் இல்லக்கா" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

14.9.

பெரிய டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போய் நிம்மதியா இருங்கம்மா." ஸ்கேனை ரத்து செய்தாகிவிட்டது. மார்ச்சில் வந்த அந்த 20.6 மட்டும் நிஜம். அப்பா விழுந்த காலையின் எண் அது.

நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். டிக்கெட்டைத் தொலைத்தவள் மாதிரி இருக்கிறது.

மே 16, சனி

தவறான ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் அதைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். இது எங்கள் லேப் விதி. அந்த விதியை எழுதியவள் நான். நீச்சல்காரப் பெண்ணின் டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததும் திருத்திய ரிப்போர்ட்டும் அனுப்பிவிட்டேன்.

என் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் பெரிய டாக்டர், அண்ணன், அப்பா. இருவர் பாக்கி.

சொன்னால் அப்பா திரும்பி வருவார். கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. மறுபடி மூன்று முறை கூப்பிடுவார், நான்காவதற்கு நான் விழிப்பேன். அப்பா வரக் கூடாது என்று நினைக்கிறேனா? இல்லை. அவர் இல்லாத வீட்டில் டிவியைக்கூட மெதுவாகத்தான் வைக்கிறேன். ஆனால் முடியவில்லை. முடியவில்லை என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு தாளும் இல்லை.

மே 18, திங்கள்

ஒரு நாள் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகிறது.

மே 20, புதன்

மதிய இடைவேளையில், கிட்டுகள் வைக்கும் குளிர் அறைக்குப் பக்கத்தில் நின்று போன் செய்தேன். மாத்திரை, பயோட்டின், 14.9, எல்லாவற்றையும் அறிக்கை வாசிப்பது மாதிரி சொன்னேன்.

"அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையா? அப்பாடா!" என்றான் அண்ணன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "அப்படின்னா... இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கொண்டாந்து விட்டுடவா? இங்க உங்க அண்ணிக்கும்..." என்று இழுத்தான்.

"வேண்டாம்ணா."

"ஏன்? ரிப்போர்ட்தான் நார்மல்ங்குறியே."

"ரிப்போர்ட் நார்மல். எனக்கு முடியல. ரெண்டும் உண்மை."

குளிர் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஆளா என்னால முடியாதுண்ணா. ரெண்டு மாசம் அங்க, ரெண்டு மாசம் இங்க. இதுக்கு எங்கிட்ட பேப்பர் எதுவும் இல்ல. நான் சொல்றேன், அவ்வளவுதான்." குரல் உடைந்துவிட்டது. ஊசி அக்கா கதவருகில் வந்தவர் அப்படியே திரும்பிப் போனார்.

"இத நான் எப்படி அப்பாகிட்ட சொல்றது? நீயே சொல்லு" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

அப்பாவின் மூச்சு கேட்டது. "அந்தப் பேப்பர் தப்புப்பா" என்றேன். "எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. ஆனா தனியா உங்களப் பாத்துக்க என்னால முடியல. உடம்பு அசந்து போச்சு. நம்புங்க."

தடுமாறித்தான் பேசினார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"டிக்கெட்... இல்லையா?"

"இல்லப்பா."

"பரவால்ல. எறங்க வேணாம். உக்காரு."

குளிர் அறைக் கதவில் நெற்றியை வைத்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மதிய சாம்பிள்களைப் போட்டேன். இருபத்தாறு சாம்பிள். எல்லாம் சரியாக வந்தன.

ஜூன் 7, ஞாயிறு

அண்ணன் ஜூன் கடைசி வரை வைத்துக்கொள்வான், பிறகு இரண்டு மாதம் நான். அண்ணி போனில் நன்றாகத்தான் பேசினார், முடிக்கும்போது மட்டும் "உடம்பு நார்மல்தானே?" என்று ஒரு குத்து. "நார்மல்தான் அண்ணி" என்றேன்.

படிவத்தை மாற்றிவிட்டேன். "வைட்டமின், சத்து மாத்திரை, முடி மாத்திரை உட்பட" என்று கொட்டை எழுத்தில் சேர்த்திருக்கிறேன். மீதி மஞ்சள் மாத்திரைகளை லேப் கழிவில் போட்டேன். மக்னீசியத்தை ஏனோ தூக்கிப் போட மனம் வரவில்லை.

செப்டம்பர் 3, வியாழன்

அப்பா என் வீட்டில் இருந்த இரண்டு மாதம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனார். போகும்போது தன் கட்டிலில் விரிப்பை மாற்ற வேண்டாம் என்று சைகை காட்டினார். மாற்றவில்லை.

இன்று மதியம் அண்ணன் போன். முதலில் வெயில், பிறகு அலுவலகம், பிறகு அண்ணியின் முழங்கால் என்று சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "நாலு நாளாத் தூக்கமே இல்ல பாப்பா. எனக்கு முடியல" என்றான்.

டாக்டர்கிட்ட காமிச்சியா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவின் மகள் அல்லவா. விழுங்கிக்கொண்டேன்.

"சனிக்கிழமை காலை வண்டியில வர்றேன். ரெண்டு நாள் நான் பாத்துக்குறேன், நீ தூங்கு" என்றேன்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது.